அச்சன்கோவில் அரசனுக்கு அம்மா கொடுத்த வாக்கு

செங்கோட்டைக்காரர்களுக்கு மலைக்கு அந்தப் பக்கம் வெளியூர் ஆகாது. 1956 நவம்பரில் மாநிலங்களைப் பிரிக்கும் வரைக்கும் எங்கள் ஊரே திருவிதாங்கூர்-கொச்சியோடுதான் இருந்தது. பிறகு கோடு போட்டார்கள், செக்போஸ்ட் வந்தது, பஸ்ஸில் எழுத்து மாறியது. சாமி மாறவில்லை. இன்றைக்கும் எங்கள் தெருவில் ஒரு குழந்தை தும்மினால்கூட, "குளத்துப்புழை பாலகனே, ஆரியங்காவு ஐயாவே, அச்சன்கோவில் அரசே" என்று ஐயப்பசாமி மூன்று பேரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டுவிடுவார்கள்.

ஆவணி மாதம் வரப்பு ஒதுக்கப் போன அப்பாவைக் கண்ணாடிவிரியன் கடித்துவிட்டது. கணுக்காலுக்கு மேலே, வெளிப்பக்கம். நல்லவேளை, பக்கத்து வயல்காரர் கயிறு கட்டுகிறேன், கீறிவிடுகிறேன் என்றெல்லாம் இறங்காமல், நேராக பைக்கில் நடுவில் உட்கார வைத்து தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து அசைக்காமல் வைத்தார்கள். 20 நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்க்கும்போது உறைந்திருக்க வேண்டும். உறையாமல் தண்ணீராக ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அப்பாவுக்கு ஓடியது. மருந்து ஏற்றிவிட்டு, மணிக்கணக்குப் பார்த்து மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள், மறுபடியும் அந்த 20 நிமிடம். அம்மா வார்டுக்கு வெளியே சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அச்சன்கோவில் அரசனோடு பேசிக்கொண்டிருந்தாள். வேண்டுதல் என்றுகூடச் சொல்ல முடியாது, அதட்டல்தான்.

"அரசே, இவரை நடக்க வச்சு அனுப்பு. யார் கையையும் பிடிக்காம உன் வாசலுக்கு வருவாரு. பாலகனையும் ஐயாவையும் பாத்துட்டு அன்னைக்கே உங்கிட்ட வருவோம்."

மூன்றாவது குழாயோ நான்காவதோ, ரத்தம் உறைந்தது. நர்ஸ் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள், அந்த நர்ஸையும் சேர்த்துத்தான்.

கார்த்திகை பிறந்ததும் எல்லோருக்கும் மாலை. வெறும் மாலை போதாது, மண்டலம் முடிகிற வரைக்கும் ஆளுக்கு ஒன்றை விட வேண்டும் என்று அம்மா உத்தரவு போட்டாள். மகன் ஃபோன் விளையாட்டை விட்டான். எனக்கு வாய்த்தது கடுஞ்சொல்: வீட்டிலோ வெளியிலோ யாரிடமும் குரல் உயரக் கூடாது. அப்பாவுக்கு அம்மா பார்த்துப் பொறுக்கி எடுத்தது, சாப்பாட்டில் குறை சொல்வது. உப்பு, புளி, காரம் என்று தினமும் தீர்ப்பு எழுதிய மனுஷன் தட்டைப் பார்த்துக்கொண்டே அமைதியாகச் சாப்பிட ஆரம்பித்தார். ஒரு வாரம் போனதும் அம்மா என்னிடம் ரகசியமாக, "ஏல, இவரு இப்படிப் பேசாம சாப்பிட்டா எனக்கு நெஞ்சு பதறுது. உப்பு இருக்கா இல்லையான்னே தெரியலையே" என்றாள். ரசம் வைக்கும்போது முன்னைவிடக் கவனமாக ருசி பார்த்தாள். விரதம் இருந்தது அப்பா, கைப்பக்குவம் கூடியது அம்மாவுக்கு. ஐயன் கணக்கு அப்படித்தான்.

கிளம்பிய அன்று புளியரை தாண்டும்போதே சாரல். மனைவிக்குப் பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை, நாங்கள் நான்கு பேரும் டிரைவரும். மலை ஏறினால் லாரி வரிசை, சபரிமலை பஸ்கள், கோட்டைவாசலில் அப்படியே நின்றுவிட்டோம். அந்த நெரிசலில் வாயைக் காப்பது பெரிய தவம். ஆனால் திட்டுவதற்கு வழியில்லை என்றால் கண் வேறு வேலை பார்க்கிறது. முன்னால் நின்ற லாரியின் கிளீனர் பையன், பின்னால் வருகிற எங்கள் வண்டி தன் சக்கரத்துக் கல்லில் ஏறிவிடக் கூடாதென்று இறங்கிவந்து அதை எடுத்து ஓரம் போட்டுவிட்டுப் போனான். வேறொரு நாளாக இருந்தால் ஹாரனில் கை வைத்துக்கொண்டு அந்தப் பையனைப் பார்த்தே இருக்க மாட்டேன்.

கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்தை மகனுக்குக் காட்டினேன். 1904-ல் மீட்டர்கேஜ் ரயில் ஓடத் தொடங்கிய பாதை, அகலப்பாதையாகி 2018-ல் மறுபடி திறந்தார்கள். அவன் வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தான். அப்பா, அந்த ரயிலில் தன் தாத்தாவோடு கொல்லத்துக்குப் போன கதையைத் தென்மலை வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தார்.

குளத்துப்புழையில் பாலகனைப் பார்க்க அவ்வளவு கூட்டமில்லை. கல்லடையாற்றுப் படியில் உட்கார்ந்து பொரி போட்டால் மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறக்கின்றன. அங்கே அவை மீன் கிடையாது, சாமியின் பிள்ளைகள். மகன் ஒரு கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, "தாத்தா, விரல முத்தம் கொடுக்குது" என்றான். அந்தப் படியிலேயே ஷாம்பூ பாக்கெட், எண்ணெய்க் கவர், ஆற்றில் விட்ட பழைய துணி. சாமியின் பிள்ளைகள் என்று கும்பிட்டுவிட்டு அதுகள் குடிக்கிற தண்ணீரில் சோப்பைக் கரைக்க எப்படி மனசு வருகிறது? இது தமிழ்நாட்டிலிருந்து போகிற நம் ஆட்கள் செய்வதுதான், பாக்கெட்டில் எழுத்தே சொல்கிறது. கைக்கு எட்டினதையெல்லாம் நானும் மகனும் பொறுக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தோம்.

திரும்பி ஆரியங்காவு வந்தபோது சரியான நெரிசல். ரோட்டை விடக் கோயில் பள்ளத்தில் இருப்பதால் படி இறங்கித்தான் போக வேண்டும். கடிபட்ட காலுக்கு ஏறுவது சுலபம், இறங்குவதுதான் கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. கணுக்கால் மடங்கும்போது அப்பாவுக்கு வலி பிடித்தது. ஒவ்வொரு படியிலும் நல்ல காலை முதலில் வைக்கலாமா, கெட்ட காலை வைக்கலாமா என்று நின்று யோசித்தார். பின்னால் சரணம் போட்டு வந்த கூட்டம் பொறுமையில்லாமல் நெருக்கியது. அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் வந்து, "பெரிய சாமிய முன்னால கூட்டிட்டுப் போறேன், ஐந்நூறு கொடுங்க" என்று காதருகே சொன்னான். கோயில் ஆளும் இல்லை, தொண்டரும் இல்லை. வண்டி நிறுத்தும் இடத்தில் ரசீது இல்லாமல் இரண்டு தடவை காசு வாங்கியது வேறு. முடியாதவர்களாகப் பார்த்துத்தான் இவர்கள் வருகிறார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. குரல் உயராமல், "வேண்டாம் சாமி, அவரே வருவாரு" என்றேன். மகன் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு தாத்தாவுக்குப் பின்னால் கையை விரித்து நின்றுவிட்டான். அவன் உயரத்துக்கு யாரைத் தடுத்திருப்பானோ தெரியாது, ஆனால் கூட்டம் அவனுக்காக நின்றது.

ஐயா மாப்பிள்ளைக் களையோடு இருந்தார். மார்கழியில் அவருக்கும் புஷ்கலா தேவிக்கும் திருக்கல்யாணம். மதுரையிலிருந்து சௌராஷ்டிர மக்கள் பெண் வீட்டாராகச் சீர் கொண்டுவருவார்கள், தேவஸ்வம் போர்டு மாப்பிள்ளை வீடு. வெளியே வந்ததும் மகன் கேட்டான், "தாத்தா, குளத்துப்புழையில குழந்தை, இங்க கல்யாண மாப்பிள்ளை. நடுவுல ஸ்கூலுக்கு எப்ப போனாரு?" அப்பா ரொம்ப யோசித்துவிட்டு, "நாம பாத்தோம்ல தென்மலைக் காடு, அங்கதாம்ல படிச்சாரு. நீயும் அந்த மாதிரி ஃபோனை வச்சிட்டுக் காட்டப் பாரு" என்றார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, அப்பா கொஞ்சம் காலை நீட்டிப் படுத்து எழுந்ததும், பண்பொழி, மேக்கரை வழியாக அச்சன்கோவிலுக்கு ஏறினோம். அடவிநயினார் அணையைத் தாண்டினால் காடு. ரோட்டில் யானை லத்தி கிடந்தது. டிரைவர் இருட்டுக்கு முன்னால் திரும்ப வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா பேசவே இல்லை.

வாசலில் இறங்கியதும் நான் கையை நீட்டினேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். "வாக்கு கொடுத்திருக்கேன்." அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் கால் வைத்தார். காலையில் இறங்க அவ்வளவு பயந்தவர் இங்கே யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு படியாகப் போனார், முட்டியில் கையைக்கூட ஊன்றவில்லை. அம்மா பின்னால் ஒரு படி விட்டுப் போனாள், இரண்டு கையையும் தூக்கி வைத்துக்கொண்டு, பிடிக்காமல்.

பூர்ணை புஷ்கலையோடு அரசன். கையில் சந்தனம். பாம்புக்கடி என்று எந்த நேரத்தில் யார் வந்தாலும் அங்கே நடை திறந்து அந்தச் சந்தனத்தைக் கொடுப்பார்கள் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அப்பா வாயே திறக்கவில்லை. அம்மாதான், "வந்துட்டாரு அரசே, நடந்தே வந்துட்டாரு" என்றாள். பூசை செய்கிற திருமேனி இலைத்துண்டில் சந்தனம் வைத்துக் கொடுத்தார். அப்பா நெற்றியில் ஒரு கீற்று வைத்தார். அப்புறம் குனிந்தார். வேட்டியை ஒதுக்கி, கணுக்காலுக்கு மேலே இன்னும் கறுத்துப் போய்க் காசளவு உலர்ந்திருந்த அந்த இடத்தில் மீதிச் சந்தனத்தைத் தேய்த்தார்.

அம்மாவுக்குப் பகீரென்றது. "பிரசாதத்தக் காலுல போடாதீங்க!"

உள்ளேயிருந்து திருமேனி சொன்னார், "காலுக்குத்தான் அம்மா அது. போடட்டும்."

அதற்கு மேல் எங்களில் யாருக்கும் தாங்கவில்லை. அப்பா அழுது நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில்கூட அழாதவர், அங்கே காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே அழுதார். மகன் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றான். நகரச் சொல்லி யாரும் விரட்டவில்லை.

அரசனிடம் என்ன சொல்வது என்று நினைக்கும்போது எனக்கு வரிசையாக முகங்கள் வந்தன. பைக்கில் கொண்டுபோன பக்கத்து வயல்காரர். குழாயைக் கவிழ்த்துக் காட்டிய நர்ஸ். அப்பா உடம்பில் ஏறிய மருந்து எங்கிருந்து வந்தது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லியிருந்தார்: பாம்பின் விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உண்டாகிற எதிர்ப்புச் சத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். அந்த விஷத்தைக் கையால் எடுத்துக் கொடுப்பவர்கள் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் வைத்திருக்கும் இருளர்கள். அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தபோது பேப்பரில் படம் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். எந்த ஊர் லாயத்திலோ நிற்கிற ஒரு குதிரை, ஏதோ ஒரு இருளர் வீட்டுக்காரரின் கை, இவையெல்லாம் சேர்ந்து என் அப்பாவைப் படியேற்றிக் கொண்டுவந்து அரசன் முன்னால் நிறுத்தியிருக்கின்றன. அனுப்பியவன் நீதானே ஐயனே. அவர்கள் எல்லோரையும் நல்லபடியாக வை. அந்தக் குதிரைகளுக்கும் தீவனம் குறையாமல் பார்த்துக்கொள். கடித்த பாம்பும் உன் பிள்ளைதான், அதுவும் எங்கள் வரப்பை விட்டு நல்ல இடமாகப் போய்ப் பிழைத்திருக்கட்டும்.

கருப்பசாமியைக் கும்பிட்டு, பாயசம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "இனிப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். அம்மா உடனே, "மண்டலம் இன்னும் முடியல!" என்றாள். அப்பா டம்ளரைப் பார்த்து, "குறையாவா சொன்னேன், ருசியாச் சொன்னேன்" என்று அதையும் குடித்து முடித்தார். வருகிற வழியெல்லாம் அம்மாவுக்கு ஒரே பேச்சு: மார்கழித் திருவிழாவுக்கு மறுபடி வர வேண்டும், பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் சாஸ்தா கோயிலில் பொங்கல், பக்கத்து வயல்காரருக்கு ஒரு வேட்டி சட்டை, நர்ஸம்மாவுக்கு ஒரு சேலை, என்ன நிறம் பிடிக்கும் என்று நான் கேட்டுச் சொல்ல வேண்டும். சரி என்றேன். அப்பாவுக்கும் வயலுக்குப் போட முழங்கால் வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸ் வாங்க வேண்டும், அது இந்த வாரமே.