ஜீவாவிடம் கற்றது

பூதப்பாண்டியில் 1907-இல் பிறந்த ப. ஜீவானந்தம்தான் எனக்கு என்றும் ஆதர்சம். பொதுவுடைமைக் கட்சியின் தலைவராக இருந்துகொண்டே மேடைதோறும் கம்பனையும் பாரதியையும் நெஞ்சு விம்மப் பேசியவர் அவர்; கொள்கை வேறுபடுகிறது என்பதற்காக ஒரு நல்ல கவிதையைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை என்பதை அவரிடம்தான் கற்றேன். வடசேரியில் தறி நெய்த என் தாத்தாவும் அவர் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்தான். தறிக்கு மேலிருந்த பலகையில், நூல்கண்டுகளுக்கு நடுவே, மடித்த கட்சி இதழான ஜனசக்தியும் அட்டை கிழிந்த கம்பராமாயணமும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். சட்டமன்ற உறுப்பினராக இருந்த பின்னும் தாம்பரத்தில் குடிசையில் வாழ்ந்த அவரது எளிமையைப் பலரும் போற்றுகிறார்கள், போற்ற வேண்டியதுதான். மாற்றுத் தரப்பில் அழகைக் கண்டாலும் மனந்திறந்து கொண்டாடிய அந்தப் பண்பு அதைவிட அரிது என்பேன். நாகர்கோவிலில் அவருடைய மணிமண்டபத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் இதையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.