மூன்று ராஜாக்கள் கோயிலில் அம்மாவின் காணிக்கை

அம்மாவை ஜெர்மனியிலுள்ள கெவலார் மாதாவிடம் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்பது என் நெடுநாள் நேர்ச்சை. ஆகஸ்ட் மாதம் அங்கே தமிழர் திருவிழா. ஈழத்துச் சனம் ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் வந்து கூடும்; சைவர்களும் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றுவார்கள். போகிற வழியில் கொலோனில் ரயில் மாறவேண்டும். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அம்மா அப்படியே நின்றுவிட்டாள். எதிரே கொலோன் பேராலயம். 157 மீட்டர் உயரத்துக்கு இரட்டைக் கோபுரம், கரி பிடித்த அடுப்புக்கல் மாதிரி கறுத்துப்போய்.

"மக்களே, இது யாருக்க கோயிலு?"

"இராயப்பர் கோயில்மா. மூணு ராஜாக்களோட எலும்பு உள்ள இருக்கு."

அவ்வளவுதான், அடுத்த ரயிலில் போய்க்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது.

பீடத்துக்குப் பின்னால் கண்ணாடிக்குள் அந்தத் தங்கப் பேழை. ஊரில் கிறிஸ்துமஸ் குடில் வைக்கும்போது குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ராஜாக்களையும் ஒட்டகத்தோடு அம்மாதான் துடைத்து வைப்பாள். அவர்கள் முன்னால் வந்து நிற்போம் என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை. முழந்தாளிட முடியாத மூட்டுவலியோடும் முழந்தாளிட்டாள். நான் பக்கத்தில் நின்று, எனக்குத் தெரிந்த கதையை மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

1164இல் கொலோன் பேராயர் ரைனால்ட் மிலான் நகரிலிருந்து இந்தத் திருப்பண்டங்களைக் கொண்டுவந்தார். அதன்பிறகு திருப்பயணிகள் வந்து குவிந்தார்கள். பழைய கோயில் போதவில்லை. 1248 ஆகஸ்ட் 15 அன்று புதுக்கோயிலுக்கு அடிக்கல் வைத்தார்கள். மாதாவின் விண்ணேற்புத் திருநாள் அது என்றதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. பயணிகளின் காணிக்கையில்தான் கல் மேல் கல் ஏறியது. 16ஆம் நூற்றாண்டில் காசு வற்றியது, வேலை நின்றது. பாதியில் விட்ட தெற்குக் கோபுரத்தின் உச்சியில் ஒரு மரப் பாரந்தூக்கி மட்டும், இறக்க ஆளில்லாமல், தலைமுறை தலைமுறையாக நின்றது.

"பெறகு யாரு முடிச்சா?"

இந்த இடத்தைத்தான் அவளுக்குச் சொல்லவேண்டும் என்று நான் காத்திருந்தேன். தோலில் வரைந்த பழைய முகப்பு வரைபடத்தின் ஒரு பாதி 1814இல் டார்ம்ஸ்டாட் நகரில் கிடைத்தது. மறுபாதி இரண்டு ஆண்டு கழித்துப் பாரீசில். நான்கு மீட்டர் உயரமுள்ள படம். நம் முன்னோர் நினைத்தது இதுதான் என்று கண்ணால் கண்டபிறகு ஊருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. 1842இல் கோயில் கட்டும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஆண்டுக்கு ஒரு தாலர், அந்தக் காலத்து வெள்ளி நாணயம், கொடுத்தால் யாரும் உறுப்பினர். அப்போது கொலோனை ஆண்ட பிரஷ்யாவின் அரசர் புராட்டஸ்டண்டுக்காரர். அவரே வந்து கல் வைத்தார், அரசுப் பணமும் தந்தார். யூதர்களும் கொடுத்தார்கள். அதுவும் போதாமல் 1865 முதல் லாட்டரி நடத்தினார்கள். நம்மூரில் லாட்டரிச் சீட்டால் அழிந்த குடும்பங்களைப் பார்த்தவன் என்பதால், இதை முதலில் படித்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் அந்தப் பணம் இல்லாமல் இந்தக் கோபுரங்கள் எழுந்திருக்காது. 1880இல் வேலை முடிந்தது. அடிக்கல் வைத்து 632 ஆண்டு.

அம்மாவுக்கு அந்த ஒரு தாலர்தான் பிடித்துக்கொண்டது. எங்கள் கடற்கரை ஊர்க் கோயிலும் அப்படி எழுந்ததுதான். பிடிபட்ட மீனில் கோயிலுக்கு ஒரு பங்கு எடுத்து வைத்த பிறகே மிச்சம் வீட்டுக்கு வரும். உலையில் அரிசி போடும்போது அம்மா ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். கடல் பொய்த்த நாட்களில் எங்களுக்குக் கஞ்சிதான், ஆனால் அந்தப் பானையில் அவள் கை வைத்ததில்லை.

வெளியே வந்து சுவரைச் சுற்றி நடந்தோம். கறுத்த கற்களுக்கு நடுவே அங்கங்கே வெளிறிய புதுக்கல், புதுப்பல் முளைத்த மாதிரி. 19ஆம் நூற்றாண்டில் வைத்த மணற்கல்லில் ஒரு வகையைப் புகையும் அமில மழையும் அரித்து, விரல் பட்டாலே மாவாக உதிரவைத்துவிட்டன. வடக்குக் கோபுரத்தின் அடியில் 1943இல் குண்டு விழுந்து பெரும் பள்ளமானது. கோபுரம் சாயாமலிருக்கச் செங்கல்லை வைத்து அவசரமாக அடைத்தார்கள். அந்தச் செங்கல் காயத்தின் மேல் கல் வேய்ந்து முடித்தது 2005இல்தான். கோயிலுக்கென்றே சொந்தமாக ஒரு பட்டறை இருக்கிறது. கல்தச்சர்கள், கண்ணாடி வேலைக்காரர்கள், கொல்லர்கள், எல்லோரும் அங்கே ஆண்டு முழுதும் வேலை செய்கிறார்கள். ஒரு பக்கம் சரிசெய்து முடிப்பதற்குள் மறுபக்கம் காத்திருக்கும். சாரம் கட்டாத கோயிலை ஊர்க்காரர்கள் பார்த்ததே இல்லையாம். அந்தச் செலவில் பெரும்பங்கைச் சுமப்பது, 1842இல் தொடங்கிய அதே சங்கம். கட்டுவதற்குக் கொடுக்க எல்லோருக்கும் ஆசை வரும், கல்வெட்டில் பேர் வரும். ஒழுகும் கூரைக்கும் உதிரும் கல்லுக்கும் பேர் தெரியாமல் கொடுப்பதைத்தான் நான் பெரிய பக்தி என்பேன்.

அம்மா ஒரு வெளிறிய கல்லில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு பக்கத்திலிருந்த கறுப்புக் கல்லில். "இது குளுருது மக்களே," என்றாள் கறுப்பைக் காட்டி. பிறகு, "உள்ள ஒருக்கா கூட்டிட்டுப் போ."

வாசலுக்கு உட்புறம் சிவப்பு அங்கி அணிந்த காவலர் ஒருவர் காணிக்கைப் பெட்டியோடு நின்றார். அம்மா மடியிலிருந்து சின்னத் துணிப்பையை எடுத்தாள். கெவலாரில் ஆளுயர மெழுகுதிரி வாங்கவென்று அக்காவும் நானும் கொடுத்த யூரோ நோட்டுகள் அதில் இருந்தன. எண்ணி இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதியை நான்காக மடித்து, பெட்டியின் வாயில் வைத்து, விரலால் உள்ளே தள்ளினாள். காவலர் தலையைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். அம்மாவும் கைகூப்பினாள்.

"கல்லுக்குத்தானே போவும்?"

"கல்லுக்குத்தான்மா."

அன்று பின்னேரம் கெவலாரில் அம்மா முழங்கை நீளத்தில் ஒரு மெழுகுதிரி வாங்கினாள்.