குரல் ஓய்வு

ஜூன் 12, வியாழன்

தொண்டையில் அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த பரிசோதனை வரை வாய் திறக்கக் கூடாது, செருமக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. கிசுகிசுத்தால் குரல்நாண்கள் இன்னும் சிரமப்படும் என்று மருத்துவர் சொன்னதை அம்மா நம்பவில்லை. கார் சூலூரைத் தாண்டுவதற்குள், “மெதுவாப் பேசுனா ஒண்ணும் ஆகாது சாமி” என்று சொல்லிவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

ஜூன் 13, வெள்ளி

வலி இல்லை. வலி இல்லாததுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 14, சனி

ஆகஸ்ட் நிகழ்ச்சிக்கான நோட்டை எடுத்துவைத்துக்கொண்டேன். ஒரு மணி நேர ஸ்டாண்ட்-அப் காமெடி என்பது உட்கார்ந்து எழுதி முடிக்கும் காரியமன்று. ஏதோ ஒரு காபிக் கடை மாடியில் பத்துப் பதினைந்து பேர் முன்னால், யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசிப் பார்க்கும் ஓப்பன் மைக்கில் ஐந்தைந்து நிமிடங்களாகப் பேசிப் பார்த்து, செல்போனில் பதிவானதை இரவில் கூச்சத்தோடு திரும்பக் கேட்டு, சிரிப்பு விழாத சொற்களைக் கிள்ளி எறிந்து, மிஞ்சியதைக் கோத்துக் கட்ட வேண்டும். நல்ல சரக்கை முதலிலும் மிக நல்லதைக் கடைசியிலும் வைப்போம்.

என் கடைசிச் சரக்கு மொய்க் கதை. கல்யாண மண்டபத்தில் மைக்கில் மொய் வாசிப்பவர் இனிஷியலை விட்டுவிட்டார் என்று ஒரு மாமா மறுபடியும் மறுபடியும் வாசிக்கச் சொல்கிறார். கடைசியில் பொறுமையிழந்த வாசிப்பாளர் மண்டபம் அதிர அலறுகிறார். கைதட்டல் அந்த அலறலில்தான் விழும். இனி ஆயுளுக்கும் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பதும் அந்த அலறலைத்தான்.

ஜூன் 15, ஞாயிறு

உறவினர் வந்து பார்த்துப் போகும் படலம் தொடங்கிவிட்டது. பேசாதவனுக்குக் காதும் கேட்காது என்று எல்லாரும் எப்படி ஒருமனதாக முடிவுக்கு வந்தார்கள் என்று தெரியவில்லை. பெரியம்மா என் காதருகே குனிந்து, “நல்லா இருக்கறயா கண்ணு?” என்று கத்தினார். சித்தப்பா கையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அவர் கேட்டது சாப்பாட்டையா, டிக்கெட் விற்பனையையா என்பது கடைசி வரை விளங்கவில்லை. போகும்போது வாசலில் நின்று, “காமெடி பண்றவனுக்கு வாய் போறதும் தறி ஓட்டறவனுக்குக் கை போறதும் ஒண்ணுதான்” என்றார். சொன்னவர் தாமே முதலில் சிரித்தார். நன்றாகத்தான் இருந்தது, நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அம்மா வைத்த கொள்ளு ரசத்தை, காரம் கூடாது என்பதால், தொடவில்லை. அவருக்கு அதில் வருத்தம்.

ஜூன் 16, திங்கள், இரவு

ஜூலி ஆண்ட்ரூஸ் பற்றி யாரோ அனுப்பியிருக்கிறார்கள். 1997இல் தொண்டை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவருடைய பழைய பாட்டுக் குரல் திரும்பவில்லை. ஆறுதலுக்காக அனுப்பினாராம்.

ஜூன் 17, செவ்வாய்

குரல் பயிற்சி அளிப்பவர் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார். நள்ளிரவில் உணவு உண்பீர்களா, நெஞ்செரிச்சல் உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை காபி என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, சத்தம் மிகுந்த இடத்தில் வளர்ந்தீர்களா என்றும் கேட்கிறது. சோமனூர்க்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிகள் ஓடும் தறிக்குடோன். ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா இங்கும் அங்கும் அடிபடுகிற சத்தத்தில்தான் படித்தேன், தூங்கினேன். இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமென்றாலும் கத்தித்தான் கேட்டாக வேண்டும். பிறகு மேடையில் மைக் கையில் இருந்தபோதும் கத்தினேன். அதை என் பாணி என்று பாராட்டினார்கள், நானும் நம்பிக்கொண்டேன்.

ஆனால் குடோனுக்கு உள்ளே யாரும் கத்துவதில்லை, கத்திப் பயனுமில்லை. எல்லாம் உதட்டசைவும் கைஜாடையும்தான். அம்மா தம் தறியில் அறுந்த பாவு நூலை முடிந்துகொண்டே, நான்கு தறி தள்ளி நிற்கும் அக்காவுக்கு ஒரு முழு மாமியார்–மருமகள் சண்டையை, மாமியார் மூக்கை உறிஞ்சுவது உட்பட, ஓசையே இல்லாமல் நடத்திக் காட்டுவார். நாடாவில் நூல் தீர்ந்து தார்க்குச்சி மாற்றும் நேரத்தில் சண்டையை அப்படியே நிறுத்தி, தறி ஓடத் தொடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அந்த அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பும் கேட்காது.

இப்போது காற்றுகூட விடாமல் நான் வாயை மட்டும் அசைத்தால் இந்த வீட்டில் அம்மாவுக்கு மட்டும் புரிகிறது. வாங்கிவந்த சிலேட்டை யாரும் தொடவில்லை.

ஜூன் 18, புதன்

மொய்க் கதைக்கு முடிவு இல்லை.

ஜூன் 21, சனி

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். 1944 நவம்பரில் நடந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரோடும் எங்கள் கோயம்புத்தூர்ப் படத் தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடுவோடும் சேர்த்து அவரையும் பிடித்தார்கள். நாயுடு விடுதலையானார். மற்ற இருவரும் 1945இல் தண்டனை பெற்று, லண்டன் பிரிவி கவுன்சில் வரை மேல்முறையீடு போய், 1947இல்தான் வெளியே வந்தார்கள். வழக்கைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு வேண்டியது வேறு: சிரிக்க ஆளில்லாமல் அத்தனை காலம் இருந்த மனிதருக்கு, ஒரு வரியைச் சொல்லிவிட்டு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்ற கணக்கு எப்படி மறக்காமல் இருந்தது? மறக்கவில்லை என்பது தெரிகிறது, வெளியே வந்த கொஞ்ச காலத்திலேயே திரையில் மறுபடியும் சிரிக்க வைத்தார். 48 வயதில் இறந்தும் போனார். இதை எழுதியிருக்கக் கூடாது.

ஜூன் 22, ஞாயிறு

கவுண்டமணியின் காட்சிகளை ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன். உடுமலைப்பேட்டைப் பக்கம் வல்லகுண்டாபுரத்தில் பிறந்த மனிதர். எங்கள் பக்கத்துப் பையன்களுக்குக் கத்தக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். ஒலியில்லாமல் பார்க்கும்போதுதான் தெரிகிறது, கத்துவதற்கு முன்னால் எதிரே நிற்பவனை மேலும் கீழும் ஒரு பார்வை பார்க்கிறார். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. பார்வையை விட்டுவிட்டுக் கத்தலை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ஜூன் 24, செவ்வாய்

தொண்டைக்குள் ஸ்கோப் விட்டுப் பார்த்தார்கள், காயம் ஆறி வருகிறதாம். அவ்வப்போது ஐந்து நிமிடம் பேசலாம். முதலில் என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்து, கடைசியில் கண்டக்டரிடம் சில்லறை கேட்டேன். குரல் யாருடையதோ போல இருந்தது.

ஜூன் 29, ஞாயிறு

மொய்க் கதையை அம்மாவுக்கு வாயசைத்தே சொல்லிக் காட்டினேன். அலறும் இடத்தில் நின்றுவிட்டேன். அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், “கரண்டு போச்சுன்னு வையி” என்றார். மைக் நின்றுவிடுகிறது, மாமா மேடையேறி, நாலு பக்கமும் திரும்பித் திரும்பி, பெயரையும் இனிஷியலையும் தொகையையும் வாயசைவிலேயே சொல்கிறார், மண்டபம் முழுக்கத் தறிக்காரர்கள் என்பதால் கடைசி வரிசை வரை புரிகிறது. அதை நடித்தும் காட்டினார். ஆயிரத்தொன்று என்பதில் அந்த ‘ஒன்று’க்கு அவர் வாய் குவிந்த விதத்தைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க வெளியே ஓட வேண்டியிருந்தது. சிரிக்கவும் எனக்கு அனுமதியில்லை.

ஜூலை 4, வெள்ளி

நிகழ்ச்சி அமைப்பாளர் அழைத்தார். தேதியைத் தள்ளிப்போட்டால் அரங்கத்துக்குக் கொடுத்த முன்பணம் போய்விடும் என்றார். உடம்புதான் முக்கியம் என்றும் சொன்னார், ஆனால் முன்பணத்தைத்தான் முதலில் சொன்னார்.

ஜூலை 10, வியாழன்

ஆர்.எஸ்.புரத்தில் ஓப்பன் மைக். மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினேன். எல்லாரும் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். அதை அக்கறை என்றும் எடுத்துக்கொள்ளலாம், ஸ்பீக்கர் சரியில்லை என்று நினைத்தார்கள் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அம்மாவின் முடிவைச் செய்தேன். பின் வரிசையில் மூன்று பேர் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள், மற்றவர்கள் மைக் பழுது என்று காத்திருந்தார்கள். பிறகு விசாரித்தேன்: ஒருவர் பல்லடம், இருவர் மங்கலம். தறிச் சத்தத்தை அறியாதவனுக்கு அது வெறும் வாய்.

ஜூலை 13, ஞாயிறு

எனவே தறிக்குடோனைத் தொடக்கத்திலேயே சொல்லிவைக்க வேண்டும். வாயசைவுப் பேச்சை முதல் பத்து நிமிடத்தில் ஒரு சின்னச் சிரிப்போடு விதைத்துவிட்டால், கடைசியில் விளக்கம் தேவைப்படாது. அதற்கு இடம் வேண்டுமென்றால் அப்பாவின் சீட்டுக் கதையைத் தூக்க வேண்டும். அதை விட மனமில்லை, நிச்சயமாகச் சிரிப்பு விழுகிற ஆறு நிமிடங்கள் அவை. நடுவில் இருக்கும் ஐ.டி. வேலைப் பகுதியைச் சுருக்கலாம் என்றால், கோவையில் டிக்கெட் வாங்குபவர்களில் பாதிப் பேர் அந்த வேலையில் இருப்பவர்கள்.

நாளை மறுபடியும் ஸ்கோப். அதுவரை பேச்சைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவோ அத்தை வீட்டு நிச்சயத்தில் இன்று சாயங்காலம் நான் மைக் பிடிப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.