அக்காவோட சண்டை பிடிச்ச அந்த மூண்டு மாசம்

பழைய போனைத் துடைச்சு மகனுக்குக் குடுப்பம் எண்டு எடுத்துப் பாத்தா, 2021 வட்ஸ்அப் குறூப் அப்பிடியே கிடக்கு. யூலை 12 காலமை ரீச்சர் போட்ட வொய்ஸ், "பிள்ளையள், ஆசிரியர் சங்கம் சொல்லியிருக்கு, இண்டையில இருந்து ஒன்லைன் வகுப்பு இல்லை". கீழ ரெண்டு மூண்டு அழுற எமோஜி. பிறகு ஒக்டோபர் வரைக்கும் ஒண்டும் இல்லை.

அப்ப எனக்கு வந்த கோவம் சொல்லேலாது. மகன் 2020 தையில ஆண்டு ஒண்டுக்குப் போனவன், மார்ச் 13 ஓட பூட்டினவங்கள், பிறகு திறக்கிறதும் பூட்டுறதும்தான், ற எது ர எது எண்டே பிள்ளைக்குத் தெரியாது, இருந்த வட்ஸ்அப் வகுப்பையும் நிப்பாட்டிப்போட்டு சம்பளம் கேக்கிறியளோ எண்டு அக்காவுக்கு எடுத்துக் கத்தினன். அவ கிளிநொச்சிப் பக்கம் சின்னப் பள்ளிக்கூடம் ஒண்டில படிப்பிக்கிறவ. எல்லாத்தையும் கேட்டுட்டு, "தம்பி, என்ர வகுப்பில இருவத்தெட்டுப் பிள்ளையள். போன் இருக்கிறது பதினொரு வீட்டில. அதுவும் தேப்பன் வேலையால வந்தாத்தான். டேட்டா காசு ஆர் தாறது, நீ தாறியோ?" எண்டா. மிச்சப் பிள்ளையளுக்கு தன்ர காசில போட்டோ கொப்பி அடிச்சு பலசரக்குக் கடையில குடுத்து வைக்கிறவவாம், சாமான் வாங்க வாற தாய்மார் பருப்போட சேத்துக் கொண்டு போவினம்.

அரசாங்கமும் நல்லா வாங்கிக் கட்டினதுதான். யூலை 8 கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்துக்கு எதிரா பாராளுமன்றத்துக்குக் கிட்ட நிண்ட இலங்கை ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினையும் மற்ற ஆக்களையும் பிடிச்சு, கோர்ட் பிணை குடுத்த பிறகும் தனிமைப்படுத்தல் எண்டு முல்லைத்தீவுக் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமுக்கு ஏத்தினவங்கள். படை பிடிச்சு வைச்சிருந்த தங்கட காணியைக் கேட்டு சனம் வருசக்கணக்கா ரோட்டில குந்தின கேப்பாப்பிலவுக்கு! வேற இடமே கிடைக்கேல்லையோ. அந்தச் சூட்டோடதான் பகிஷ்கரிப்பு துவங்கினது, பிறகு 1997 இல இருந்து இழுபட்ட ஆசிரியர் சம்பள முரண்பாடு, அதைத் தீர்க்கச் சொன்ன சுபோதினி குழு அறிக்கை எண்டு வளந்துட்டுது.

ஒக்டோபர் 21 இருநூறுக்குக் குறைஞ்ச பிள்ளையள் உள்ள பள்ளிக்கூடங்களைத் திறக்கிறம் எண்டு அரசாங்கம் சொல்ல, சங்கங்கள் 21, 22 வரமாட்டம், 25 தான் வருவம் எண்டுட்டினம். "கொரோனாவுக்குப் பயமோ" எண்டு நக்கலாக் கேட்டன். "ஊசி ரெண்டும் போட்டாச்சு, கை கழுவ பேசின் கட்டிக் கிடக்கு, பைப்பில தண்ணிதான் வரேல்லை" எண்டா அக்கா. அதுக்குப் பிறகு நான் கத்துறதைக் குறைச்சிட்டன்.

ஆனா ஒண்டு இப்பவும் எனக்குச் சமிக்கேல்லை. பள்ளிக்கூட வகுப்பு நிண்டுது, காசு கட்டின ரியூசன் சூம் நிக்கேல்லை. அக்காவிட்ட இதைச் சொன்னா கதையை மாத்திப்போடுவா.

சங்கங்கள் கேட்ட சம்பள உயர்வில மூண்டில ஒரு பங்கு கிடைச்சுது, 2022 பட்ஜெட்டில 30 பில்லியன் ஒதுக்கினவை. கூடின காசு கைக்கு வந்து கொஞ்ச மாசத்தில பெற்றோல் கியூ, சாமான் விலை, எல்லாம் கரைஞ்சுட்டுது.

போன கிழமை அக்கா வந்து நிக்கேக்க மகன்ர கொப்பியைப் புரட்டினவ. "மறத்தில கிளி இருந்தது" எண்டு எழுதியிருக்கிறான்.

"உதுக்கு நான் பொறுப்பில்லை," எண்டா அவனைப் பாத்து. "அப்ப கொப்பர்தானே வீட்டில சும்மா இருந்தவர்."