அத்திப் பூவைப் பார்த்தாச்சு

"அத்தி பூத்தாப்புல வந்திருக்கியே" என்று அப்பத்தா இன்றைக்கும் ஆரம்பித்தார். ரங்கூனிலேயே இருந்துகொண்டு மூன்று மாதமாக எட்டிப் பார்க்கவில்லை, கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். பேச்சை மாற்ற, பின்பக்கத்து அத்தியின் அடிமரத்தில் தொங்கிய பிஞ்சு ஒன்றைப் பறித்து அரிவாள்மணையில் இரண்டாக வகிர்ந்து காட்டினேன். உள்சுவர் முழுக்க ஊசிமுனை அளவில் நெருக்கியடித்துக்கொண்டு பூக்கள்! நாம் காய் என்பதே உள்பக்கமாகச் சுருண்ட பூங்கொத்துதான்.

"மூடிக் கிடந்தா எதுடா உள்ள போகும்?"

காம்புக்கு எதிர்முனையில் செதில் அடைத்த சின்னத் துளை இருக்கிறது. அத்திக்கென்றே உள்ள எள்ளளவு குளவி அதில் நுழைகிறது. நெருக்கத்தில் இறக்கை பிய்ந்துபோகும். கொண்டுவந்த மகரந்தத்தைப் பெண்பூக்களில் சேர்த்து, சில பூக்களின் சூலில் முட்டையிட்டு அங்கேயே செத்துவிடும். மற்றவை விதையாகும்.

சில வாரம் கழித்துப் பொரிந்து வரும் ஆண் குளவிகளுக்கு இறக்கையே கிடையாது. பெண்களோடு கூடி, அவை வெளியேற வழி குடைந்துவிட்டுச் சாகும். பாவப்பட்ட ஜென்மம். ஆண்பூக்கள் முதிர்வதும் அப்போதுதான். பெண் குளவிகள் மகரந்தத்தோடு பறந்து, ஓரிரு நாளுக்குள் வேறு பிஞ்சைப் பிடித்தாக வேண்டும்.

பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மா இதே பிஞ்சை ங்கப்பியில், அதாவது புளிக்கவைத்த மீன் விழுதில், தொட்டுத் தின்பார். அவரிடம் மூச்சு விடவில்லை.

அப்பத்தா கண்ணாடியைச் சரிசெய்து உற்றுப் பார்த்தார். "அதான் அத்திப்பழத்தைப் பிட்டுப் பாக்காதேங்கிறது. சரி, மிச்சத்தைப் பறி, கூட்டு வைப்போம்."