உப்பு, ஈரம், திருநீறு

மொரீசியசுக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் கேமரா வாங்கும்போது எந்த லென்ஸ் கூர்மையானது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இந்தத் தீவில் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: வாங்கிய லென்ஸை எங்கே வைக்கப் போகிறீர்கள்? இங்கே லென்ஸுக்குப் பெரிய ஆபத்து கீழே விழுவது அல்ல. அலமாரியில், துணிகளுக்கு நடுவே, தோல் உறைக்குள் மாதக்கணக்கில் பத்திரமாகத் தூங்குவதுதான்.

காரணம் பூஞ்சை. ஃபங்கஸ் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். காற்றின் ஈரப்பதம் 60 - 65 சதவீதத்தைத் தாண்டி, இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்தால் லென்ஸுக்குள் இருக்கும் தூசியைத் தின்றே அது வளரும். கியூர்பீப், வக்வா போன்ற மேட்டு ஊர்களில் மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வரும். சுவரே வியர்க்கிற வீடுகள் உண்டு. போர்ட் லூயியும் மேற்குக் கரையும் கொஞ்சம் காய்ந்த பக்கம்தான், ஆனால் ஜனவரி, பிப்ரவரியில் அங்கேயும் விதிவிலக்கில்லை. பூஞ்சை வெறும் அழுக்கு அல்ல. அது அமிலத்தைச் சுரக்கும். அந்த அமிலம் கண்ணாடி மேல் இருக்கும் பூச்சை அரிக்கும். அரித்தபின் பூஞ்சையைத் துடைத்து எடுத்தாலும் தடம் போகாது.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். இரண்டு பக்க மூடிகளையும் கழற்றி, அப்பர்ச்சரை (ஒளி புகும் துளையை) முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். முன்பக்கத்திலிருந்து பாருங்கள். தூசி புள்ளியாகத் தெரியும், அது சாதாரணம். சிலந்தி வலை போல நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். வெயிலில் காய வைத்தால் செத்துவிடும் என்பார்கள். ஆனால் பூஞ்சையைக் கொல்லும் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. சூடு மட்டும் உள்ளே போய் கிரீஸை இளக்கி அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெயாக இறங்கும். சூரியனை நோக்கி வைத்த லென்ஸ் எதிரில் இருப்பதைப் பற்ற வைத்துவிடும் என்பது தனி ஆபத்து.

தடுப்பதற்குச் செலவு அதிகமில்லை. ரப்பர் வளையம் வைத்து நான்கு பக்கமும் கிளிப் போடும் 10 லிட்டர் சாப்பாட்டு டப்பா ஒன்று, 200 கிராம் சிலிக்கா ஜெல், சிறிய ஈரமானி ஒன்று. உள்ளே 40 முதல் 50 சதவீதம் இருக்க வேண்டும். 30க்குக் கீழே போனால் அதுவும் நல்லதல்ல. ரப்பரும் மசகும் காய்ந்து போகும். ஒரு கணக்கு சொல்கிறேன்: இங்கத்திய கோடைக் காற்றில் 10 லிட்டரில் இருக்கும் தண்ணீர் கால் கிராம்தான். 200 கிராம் ஜெல்லுக்கு அது ஒன்றுமே இல்லை. அப்படியும் ஜெல் ஒரே வாரத்தில் நிறம் மாறுகிறது என்றால் ஈரம் வேறெங்கிருந்தோ வருகிறது. பெரும்பாலும் டப்பாவுக்குள் வைத்த துணிப்பை, தோல் உறை, வியர்வையில் ஊறிய கழுத்துப் பட்டை. இவற்றை வெளியே வையுங்கள். பட்டையைக் கழற்றச் சோம்பல்பட்டுத்தான் பலர் லென்ஸை இழக்கிறார்கள்.

மலிவு ஈரமானிகள் 5, 10 சதவீதம் பொய் சொல்லும். சமையலறையிலேயே சரிபார்க்கலாம். பாட்டில் மூடி ஒன்றில் உப்பைப் போட்டு, கரையாமல் சேறு போல ஆகும் அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்து ஜிப் பைக்குள் அடைத்து ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள்.

ஆரஞ்சு ஜெல் பச்சையானதும் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். 150 தாண்டினால் நிறம் காட்டும் சாயம் கெட்டுவிடும். சூடாக இருக்கும்போதே மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஆற விட வேண்டும். திறந்து வைத்து ஆற வைத்தால் ஆறும்போதே ஈரத்தைத் திரும்பக் குடிக்கத் தொடங்கிவிடும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கும், குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம். அரிசி உதவாது, அதன் மாவுத்தூசி பூஞ்சைக்கு விருந்து. பூச்சிக்குப் போடும் அந்துருண்டையும், பூஜைக் கற்பூரமும் கேமரா டப்பாவுக்குள் போகவே கூடாது. அவற்றின் ஆவி கண்ணாடி மேல் படலமாகப் படியும்.

மின்சாரத்தில் ஓடும் உலர் அலமாரி வைத்திருப்பவர்களும் இந்த டப்பாவைத் தயாராக வைத்திருக்கலாம். நவம்பர் முதல் மே வரை புயல் காலம். எச்சரிக்கை மூன்றாம் வகுப்புக்குப் போகிறது என்றால் பேட்டரிகளைச் சார்ஜ் போட்டு, லென்ஸ்களை டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். மின்சாரம் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது ஏசி. கரையோரத்தில் பிப்ரவரி மாதம் 30 டிகிரி, 80 சதவீத ஈரம் என்றால் பனிப்புள்ளி, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 26 டிகிரி. 23 டிகிரி அறையில் கிடந்த கேமராவை அந்தக் காற்றுக்குக் கொண்டு வந்தால் கண்ணாடி மேல் நீர் படிந்தே தீரும். துடைத்தால் மறுபடி படியும். அறைக்குள் இருக்கும்போதே ஜிப் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். வெளியே கொண்டு வந்து முக்கால் மணி நேரம் கழித்துத் திறங்கள். குளிர்காலத்தில் மேட்டிலிருந்து கரைக்கு இறங்கும்போதும் இதே சிக்கல் லேசாக வரும். கேமராவைக் காரின் பின்சீட்டில், ஏசி நேராக அடிக்காத இடத்தில் வையுங்கள்.

உப்புக் காற்று தென்கிழக்கிலிருந்து வருகிறது. பெல் மார் கரையில் பவளத்திட்டு அலையை உடைத்துவிடும், ஆனால் காற்று நிற்காது. தெற்கே சுயாக் பக்கம் கிரி கிரியில் திட்டே இல்லை. அலை நேராகப் பாறையில் அறைகிறது. பத்து நிமிடத்தில் முன்கண்ணாடி மங்கும். அங்கே சட்டைத் துணியால் துடைப்பதுதான் மிகப் பெரிய தவறு, உப்புப் படிகம் கோடு போட்டுவிடும். லென்ஸ் துடைக்கும் ஆல்கஹால் திரவமும் உப்பைக் கரைக்காது. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்ற வேண்டும், பிறகுதான் திரவம், பிறகு உலர் துணி. கடற்கரைக்கு மட்டும் யூவி ஃபில்டர் போடுவது நியாயம். வீடு வந்ததும் கழற்றி மரையைத் துடைத்து வையுங்கள். உப்போடு விட்டால் அலுமினிய வளையம் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

இதெல்லாம் சேர்ந்துதான் லென்ஸ் தேர்வை முடிவு செய்கிறது. வெளியில் மாற்றத் தேவையில்லாத ஒரே லென்ஸ், முடிந்தால் தண்ணீர் புகாத ரப்பர் வளையம் உள்ளது. 24-105 மி.மீ. ஜூம் போதும். சின்னதாக வேண்டும் என்பவர்களுக்கு 35 மி.மீ. போர்ட் லூயி சந்தையிலும் தால் பூரி வண்டியிலும் 35தான் சரியான தூரம்: ஆளும் தெரியும், தவாவும் தெரியும், எதிரில் நின்று பேசவும் முடியும். ஆவி வரும் திசைக்குக் குறுக்காக நில்லுங்கள். ஜூன் முதல் டிசம்பர் வரை கரும்பு வெட்டு. எரித்த வயலின் கரித்துகள் காற்றில் வரும். திறந்த கேமராவுக்குள் அது விழுந்தால் சென்சாரில் ஒட்டும். அப்பர்ச்சரைச் சுருக்கி எஃப் 16ல் வெறும் வானத்தை எடுத்துப் பார்த்தால் புள்ளிகள் தெரிந்துவிடும்.

படம் எடுக்குமுன் கேட்டுவிடுங்கள். கிரியோலில் 'மோ கப்பாவ் ப்ராங் என் ஃபோட்டோ?' என்றால் போதும். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் வீட்டுப் பேச்சு கிரியோல்தான், தமிழ் கோவிலிலும் பள்ளியிலும் வாழ்கிறது. வணக்கம் சொல்லிவிட்டுக் கிரியோலில் கேட்டால் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

இனி தைப்பூசத்துக்கு வருகிறேன். இங்கே அது அரசு விடுமுறை. காவடி எடுப்பவர்கள் பத்து நாள் விரதம் இருந்து, ஆற்றங்கரையில் அலகு குத்தி, பால் செம்போடு கோவிலுக்கு நடக்கிறார்கள். படம் எடுப்பவருக்கு வருடத்தின் கடினமான நாள் இதுதான். தீவு தெற்கு அட்சரேகை 20 டிகிரியில் இருக்கிறது. ஜனவரி மூன்றாம் வாரத்தில் நண்பகல் சூரியனும் அதற்கு நேர் மேலேயே நிற்கிறது. ஏறக்குறைய 12:20 மணிக்கு நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். முகங்களில் கண் இருக்கும் இடம் கருங்குழியாகும். உதயம் 6 மணிக்குச் சற்று முன். நல்ல படம் எல்லாம் அதிலிருந்து 9 மணிக்குள், ஆற்றங்கரையில். அதன் பிறகு காவடியின் வளைவுக்குக் கீழே விழும் நிழலைத் தேடுங்கள். ஓலையும் பூவும் மறைத்த அந்த இடத்தில் சாலையின் எதிரொளி முகத்தில் மென்மையாக விழும். வெளிச்ச அளவை அந்த முகத்துக்கு வையுங்கள், வானம் வெளுத்தால் வெளுக்கட்டும்.

அடுத்த சிக்கல் நிறம். கூட்டம் முழுவதும் அடர்ந்த இளஞ்சிவப்பு. சாதாரண ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) எல்லாம் சரி என்று காட்டும், ஆனால் சிவப்பு மட்டும் முட்டி நின்றிருக்கும். புடவையின் மடிப்பும் நெசவும் மறைந்து ஒரே வண்ணத்திட்டாகிவிடும். மூன்று நிறமும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, வெளிச்சத்தை 2/3 ஸ்டாப் குறைத்து, ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுங்கள். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விட வேண்டாம். அவ்வளவு இளஞ்சிவப்பைப் பார்த்தால் கேமரா பச்சைப் பக்கம் சாய்ந்து தோலைக் கெடுக்கும். 5300 கெல்வினில் நிறுத்துங்கள்.

கோவிலுக்குள் போனதும் எல்இடி விளக்கு. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/250 வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும். சாதாரண ஷட்டர், 1/100, 35 மி.மீ. லென்ஸில் எஃப் 2, ஐஎஸ்ஓ 3200. ஃப்ளாஷ் வேண்டாம். கருவறைப் பக்கம் கேமரா வேண்டவே வேண்டாம். அருள் வந்து ஆடுபவரின் எதிரில் பின்னோக்கி நடந்து எடுப்பவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. அவர் பாதையில் நாம் நிற்கக் கூடாது. பக்கவாட்டில் நில்லுங்கள். அலகை நெருக்கமாக எடுப்பதற்கு முன் கூட வரும் குடும்பத்தாரிடம் கேளுங்கள்.

அன்று மாலை கேமரா மேல் திருநீறு, கற்பூரக் கரி, தேங்காய்த் தண்ணீர், பால் எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வேறு வழி, வரிசை மாறக் கூடாது. திருநீறு மாவுபோல இருந்தாலும் உரசும். லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்து ஊதுபந்தால் ஊதுங்கள், மென்தூரிகையால் ஜூம் வளையத்தின் இடுக்கைத் தட்டுங்கள். அதுவரை வளையத்தைத் திருகாதீர்கள். பிறகு ஈரத்துணியால் தேங்காய்த் தண்ணீரையும் பாலையும் ஒற்றி எடுங்கள். இரண்டிலும் சர்க்கரை இருக்கிறது, காய்ந்தால் பூஞ்சைக்கு அதுவே உரம். கரி கடைசியில்: அது எண்ணெய்ப் பசை, தண்ணீருக்குப் போகாது, லென்ஸ் திரவம் இரண்டு சொட்டு துணியில் விட்டு நடுவிலிருந்து விளிம்புக்குச் சுற்றித் துடையுங்கள். பட்டையைச் சோப்புப் போட்டு அலசிக் கொடியில் போட்டுவிட்டு, கேமராவை ஒரு மணி நேரம் மின்விசிறிக் காற்றில் வைத்துப் பிறகு டப்பாவில் மூடுங்கள். மறுநாள் காலை ஈரமானி 55க்கு மேல் காட்டினால் ஜெல்லை மாற்ற வேண்டும்.