காத்திருந்த அந்த ஐந்து பேர்

தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஒரு ஜவுளிக் கடையின் ஆன்லைன் தளத்தில், ஒரே நேரத்தில் பெருங்கூட்டம் வந்தால் தாங்குமா என்று பார்க்கும் லோட் டெஸ்ட் ஓட்டினோம். பணம் கட்டும் பக்கம் திணறியது. பர்சன்டைல், த்ரூபுட், சிபியு வரைபடம் என்று தொழில்நுட்ப எண்கள் நிறைந்த 18 ஸ்லைடுகளோடு விற்பனை, கணக்குப் பிரிவினர் முன்னால் போய் நின்றேன். மூன்றாவது ஸ்லைடிலேயே விற்பனைத் தலைவர் நிறுத்தினார். "சராசரி ரெண்டு செகண்டுதானே வருது தம்பி, அப்புறம் என்ன பிரச்சினை?"

அவருக்குப் புரியும்படி சொல்ல எனக்கு வரவில்லை. கூட்டம் கலைந்தது.

அன்றிரவு தளத்தின் நிஜ லாக்கை, அதாவது வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஆன நேரத்தின் பதிவைப் புரட்டினேன். 100 பேரில் 95 பேருக்கு ஒன்றரை நொடி, 5 பேருக்குப் பத்து நொடி. கூட்டி வகுத்தால் இரண்டு நொடிக்குள் அடங்கிவிடுகிறது. யார் அந்த ஐந்து பேர்? பார்த்தால், எல்லாமே பெரிய கூடைகள். ஒவ்வொரு உருப்படிக்கும் விலை, இருப்பு, தள்ளுபடி என்று டேட்டாபேஸை மூன்று முறை தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தது நிரல். ஒரு சேலைக்கு மூன்று கேள்வி. குடும்பத்துக்கே சேர்த்து 20 உருப்படி எடுத்தால் அறுபது. அதிகம் வாங்க வந்தவரைத்தான் அதிக நேரம் நிற்க வைத்திருந்தோம்!

அடுத்த வாரம் மூன்றே ஸ்லைடு. முதலில், டெஸ்ட் தளத்தில் நெரிசலை ஓடவிட்டு, 20 உருப்படியைக் கூடையில் போட்டு பட்டனை அழுத்திவிட்டுப் பேசாமல் நின்றேன். ஒரே வேலையில் கவனம் நிற்பதற்குப் பத்து நொடிதான் எல்லை என்று, மென்பொருளின் பயன்பாட்டு எளிமையை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 1993-லேயே எழுதியிருக்கிறார். அதைச் சொல்லத் தேவையே வரவில்லை. ஏழாவது நொடியில் ஒருவர் போனைக் கையில் எடுத்துவிட்டார்.

"பெரிய சர்வர் வாங்கிட்டா சரியாயிடுமா?" என்றார் கணக்குப் பிரிவு மேடம்.

"இருக்குற சர்வரே பாதி நேரம் சும்மாதான் இருக்கு மேடம். டேட்டாபேஸ் பதிலுக்காகக் காத்துக்கிட்டு நிக்குது."

"இதனால எவ்வளவு நஷ்டம்?"

தொகை சொல்ல மறுத்தேன். பாதியில் போனவர்கள் தாமதத்தால்தான் போனார்கள் என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. ஊகத்தை ரூபாயாக்கிச் சொன்னால், அளந்த எண்களின் மேலும் நம்பிக்கை போய்விடும். அந்தப் பக்கத்தில் நின்றுபோன பெரிய கூடைகளின் எண்ணிக்கையையும் மதிப்பையும் மட்டும் காட்டினேன்.

இரண்டு ஆள், இரண்டு வாரம் கேட்டேன். கூப்பன் வேலையைப் பொங்கலுக்குத் தள்ளிவிடலாம் என்று விற்பனைத் தலைவரே சொன்னார். அறுபது கேள்வியை மூன்றாக்கி மறுபடி டெஸ்ட் ஓட்டிய அன்று அவர் என் மேசைக்கே வந்து, 20 உருப்படியைத் தானே போட்டு அழுத்தினார். இரண்டு நொடி.